கண்டவரும் எழுதியவரும்: நடு மலைநாட்டு வான்காட்சிகளின் வரலாறு

வானத்தில் நிகழும் அரிய காட்சிகள் யாவர்க்கும் பொதுவானவை. கிரகணம் வருங்கால் அது தோட்டத்துரையின் மாளிகை முற்றத்தையும் தொழிலாளர் லயத்தின் வாயிலையும் ஒருங்கே இருளச் செய்கின்றது. அதனைக் காண்டற்குப் பொருளும் வேண்டா, பட்டமும் வேண்டா. ஆயின், காட்சி பொதுவாயினும் அக்காட்சியின் வரலாறு பொதுவாக அமைந்திலது. எவர் நாளும் நேரமும் இடமும் குறித்து எழுதி வைத்தனரோ, அவர் கண்டது மட்டுமே வரலாறாயிற்று. எழுதாதார் கண்டது அவரோடு மறைந்தது. நுவரெலியா, அட்டன், மஸ்கெலியா முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட இலங்கையின் நடு மலைநாடு இவ்வுண்மைக்கு நல்லதொரு சான்றாகும்.

இம்மலைநாடு வானத்தை நோக்குவார்க்கு நண்பனுமாம், பகைவனுமாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. தாழ்நிலத்தின் புழுதியும் புகையும் அத்துணை உயரத்தே குறைவு. விண்மீன்கள் தெளிவுறத் தோன்றும். எனினும் ஆண்டின் பெரும்பகுதி மழையும் மூடுபனியும் மலைகளைப் போர்த்தியிருக்கும். மேமாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைச் சொரியும். தைமாதம் தொடங்கிச் சித்திரைவரையுள்ள விடியற்காலங்களே அச்சரிவுகளில் வானம் தெளியுங் காலம். அக்காலமே சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமுமாதல் ஈண்டு நோக்கற்பாலது. வானமும் வழிபாடும் மலைநாட்டில் ஒரே பருவத்தைப் பகிர்ந்துகொண்டன.

அட்டனுக்குத் தென்மேற்கே 2,243 மீற்றர் உயர்ந்து நிற்பது சிவனொளிபாதமலை. உச்சியிலுள்ள பாதச்சுவட்டை இந்துக்கள் சிவபெருமானின் பாதமென்றும், பௌத்தர் புத்தர்பெருமானின் பாதமென்றும், இஸ்லாமியர் ஆதாமின் பாதமென்றும் போற்றுவர். 1344 ஆம் ஆண்டு மொறோக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபுனு பத்தூத்தா இம்மலையேறினார். அவருக்கு வேண்டும் உதவிகளைச் செய்தவன் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. யாத்திரிகருடன் சென்றோரின் தொகையை அவரது நூல் தருகின்றது: ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், அந்தணர் மூவர், அரசனின் துணைவர் பதின்மர், உணவுச் சுமை தூக்கியோர் பதினைவர். யாத்திரிகரின் பெயர் உலகறிந்தது. அவர்க்கு வழிகாட்டிய யோகியரின் பெயரும், சுமை தூக்கினோரின் பெயரும் எவரும் அறியார். அவருள் யோகியர் நால்வரும் அம்மலையின் விடியலை அவ் யாத்திரிகரினும் பன்முறை கண்டவர். மலைநாட்டு வான்காட்சி வரலாறு முழுதும் இவ்வேற்றுமை தொடர்ந்து வருதலைக் காணலாம்.

சிவனொளிபாதமலையின் பெருங்காட்சி, ஞாயிறு எழும்போது மேற்றிசையில் வீழும் மலைநிழல். உச்சியில் நிற்போர் கிழக்கே ஞாயிற்றை வணங்கிய பின் மேற்கே திரும்புவராயின், தாழ்நிலத்தின்மேல் நெடுந்தொலை கிடக்கும் முக்கோண வடிவான நீலநிழலைக் காண்பர். ஞாயிறு மேலெழ எழ நிழல் சுருங்கி மலையடியை நோக்கி வரும். மூடுபனி மிதந்து வரும் சில விடியல்களில் விந்தை மிகும். கிடந்த நிழல் எழுந்து, காண்போர் முன் திரைபோல் நிற்கும். அதனைச் சூழ வானவில்லின் நிறங்கள் தோன்றும். பின்னர்த் திடீரென நிழல் மீண்டும் நிலத்தில் வீழ்ந்ததுபோல் மறையும்.

இவ்விந்தைக்குக் காரணங் காண முயன்றோர் இருவர். ஆங்கிலேயக் குருவாகிய அபே என்பார் 1876 இல் இதனை விரித்தெழுதினார். மலையுச்சியருகே குளிர்ந்த காற்றும் கீழே வெம்மையான காற்றும் அடுக்காக நிற்றலால் ஒளி வளைந்து, கானல்நீர் தோன்றுமாறு போல நிழலும் எழுந்து தோன்றுகின்றது என்பது அவர் கொள்கை. வானிலை ஆராய்ச்சியில் ஈடுபட்டு உலகைச் சுற்றிவந்த றால்ஃப் அபர்குரொம்பி என்பார் 1886 இல் மலையுச்சியில் ஓரிரவு தங்கி விடியலை நோக்கினார். மூடுபனி கண்முன் வரும்போது மட்டும் நிழல் எழுவதையும், பனி விலகியவுடன் அது நிலத்திற்கு மீள்வதையும் அவர் கண்டார். எனவே நிழல் வீழும் திரை மாறுகின்றதேயன்றி ஒளி வளைதல் இதற்கு வேண்டப்படுவதன்று என முடிவு செய்தார். அறைக்குள்ளிருந்து ஆராயும் அறிவினும், குளிரில் நின்று நோக்கிய ஓரிரவு மிகுதியும் பயன்பட்டது. இருவரும் வானியலைத் தொழிலாகக் கொண்டவரல்லர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நிழல் முக்கோணமாகத் தோன்றுவதற்கு மலையின் வடிவம் காரணமன்று. தட்டையான தலையுடைய மலையும் உச்சியிலிருந்து நோக்குவார்க்கு இவ்வாறே கூம்பிய நிழலைக் காட்டும். நானுஓயா நிலையத்தில் நின்று இருப்புப் பாதையை நெடுக நோக்கினால் இரு தண்டவாளங்களும் தொலைவில் ஒன்றுகூடுவதுபோல் தோன்றும். உண்மையில் அவை கூடுவதில்லை. நெடுந்தொலை நீண்டு கிடக்கும் நிழலின் இரு விளிம்புகளும் அவ்வாறே நம் கண்ணுக்குக் கூம்புகின்றன.

இன்னும் ஓர் உண்மை உளது. விடியற்காலத்தில் மேற்கு அடிவானத்தையொட்டிக் கருநீலப் பட்டையொன்று தோன்றும். அதன்மேல் இளஞ்சிவப்பு நிறம் படர்ந்திருக்கும். அக்கருநீலப் பட்டை பூமியின் நிழலாகும். மலைநிழல் அப்பெருநிழலில் நீட்டிய ஒரு முனை. சந்திர கிரகணத்தில் சந்திரன்மேற் படிவதும் இதே பூமியின் நிழலே. சந்திரனைப் பூமியின் நிழலும், ஞாயிற்றைச் சந்திரனும் மறைத்தலால் கிரகணங்கள் நிகழ்கின்றன என ஆரியபட்டர் கி.பி. 499 ஆம் ஆண்டளவில் தம் நூலில் விளக்கினார். பூரணை நாளில் மலையேறுவோர் மேற்கே மறையுஞ் சந்திரனையும் மலைநிழலின் நுனியையும் அருகருகே காண்பர். கிரகணத்தின் காரணத்தைக் கண்ணாற் காட்டவல்ல இத்தகைய இயற்கைப் பள்ளி வேறு எங்கும் அரிது.

காணுதல் ஒரு வழி. கணித்தல் மற்றொரு வழி. தமிழர் கணிக்கும் வழியில் வல்லுநராய் இருந்தனர். சுக்கிரன் ஞாயிற்றைக் கடப்பதைக் காண இந்துமாகடலுக்கு வந்த லெ ஜென்டீல் என்னும் பிரெஞ்சு வானியலார் புதுச்சேரியில் தமிழ்க் கணிதரிடம் கிரகணக் கணிதம் பயின்றார். 1765 ஆகஸ்டு 30 இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழர் முறைப்படி கணிக்க, அது உண்மை அளவினும் 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவிற் புகழ்பெற்ற மாயர் என்பாரின் அட்டவணைப்படி கணிக்க, அது 68 விநாடி மிகுந்தது. 1825 இல் ஜோன் வாறன் என்பார் கண்ட பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், நினைவிலிருந்த வாக்கியங்களைக் கொண்டு தரையிற் சோழிகளைப் பரப்பியே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அதில் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிழைத்தன. எழுதுகோலும் தாளுமின்றிச் செய்த கணிதம் இவ்வளவு அணுகி வந்தது வியப்பு. ஆயினும் 52 நிமிடம் என்பது சிறு பிழையன்று.

யாழ்ப்பாணத்தில் 1829 மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணம் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிதத்திற்கும், வட்டுக்கோட்டைச் செமினரியைச் சார்ந்த தானியேல் பூர் என்பாரின் கணிதத்திற்கும் வேறுபாடு எழுந்தது. கிரகணம் பூர் கணித்தவாறே நிகழ்ந்ததென மிசனரிமார் ஏடுகள் கூறும். இதனைச் சமய வெற்றி தோல்வியாகக் காட்டினோர் அன்று பலர். உண்மையில் இது கணிதம் புதுக்கப்பெற்றதா இல்லையா என்னும் வினாவேயன்றிப் பிறிதில்லை. பழைய வாக்கியங்களை ஆக்கிய முன்னோர் வானத்தை நோக்கியே ஆக்கினர். பின்வந்தோர் வாக்கியங்களைப் போற்றி வானத்தை நோக்குவதைக் குறைத்தனர். அதே செமினரியைச் சார்ந்த ஒயிசிங்டன் என்பார் 1848 இல் இந்து வானியல் நூலொன்றைத் தமிழ்ப் பாடத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் யாழ்ப்பாணத்திற் பதிப்பித்தார் என்பதையும் நினைவு கூர்தல் வேண்டும். பகைத்தோர் போல நின்றவரும் நம் முன்னோர் கணிதத்தை மதித்தனர். காட்சியாற் சோதிக்கப்படாத கணிதம் நாளடைவிற் பிழைபடும். கணிதத்தின் துணையற்ற காட்சி வியப்போடு நின்றுவிடும். இரண்டும் கூடிய இடத்திலேயே அறிவு வளர்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாடு கோப்பிக்காடாயிற்று, பின்னர்த் தேயிலைக்காடாயிற்று. ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் ஆயிரக்கணக்கில் மலையேறினர். அவர்தம் மூட்டைகளோடு பஞ்சாங்கமும் கிரகண வழக்கங்களும் உடன்வந்தன. கிரகண வேளையில் உண்ணாதிருத்தல், உணவில் அறுகம்புல் இடல், தாம்பாளத்து நீரில் உலக்கையை நிமிர்த்தி நிறுத்தல், கருவுற்ற மகளிரை வெளிவராது காத்தல், மறைப்பு நீங்கியபின் நீராடல் ஆகியன தமிழூர்களில் நிகழ்ந்தவாறே இங்கும் நிகழ்ந்தன.

1871 டிசெம்பர் 12 ஆம் நாட் காலையில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. சந்திரனின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து இலங்கையின் வடபால் சென்றது. நீலகிரியில் ஜான்சன் என்னும் பிரெஞ்சு அறிஞரும், பேக்கலில் நோர்மன் லொக்கியரும், புதுக்கோட்டையில் இத்தாலியராகிய ரெசுப்பீகியும், யாழ்ப்பாணத்தில் இலங்கை நிலஅளவைத் தலைவராகிய ஃபையர்சும், திருகோணமலையில் மோசிலியும் கருவிகளோடு காத்திருந்தனர். ஞாயிற்றைச் சூழ்ந்த ஒளிமுடியின் நிறமாலையிற் கருங்கோடுகளை ஜான்சன் கண்டது அன்றேயாம். மலைநாட்டில் மறைப்பு முழுமையடையவில்லை. எனினும் ஞாயிற்றின் பெரும்பகுதி மறைந்து பிறைபோல் ஆயிற்று. புதுக்கோட்டையில் தாய் பகல் இரவானதைக் கண்ட அதே காலையில், கோப்பிக்காட்டிலிருந்த மகன் மரநிழலில் ஆயிரம் பிறைகளைக் கண்டிருத்தல் கூடும். இலைகளினூடே நுழையும் ஒளி ஞாயிற்றின் உருவத்தையே நிலத்தில் எழுதும் ஆதலின் பிறை தோன்றுதல் திண்ணம். கண்டார் பெயரோ எழுதப்படவில்லை. ரெசுப்பீகி எழுதினார், ஆதலின் புதுக்கோட்டை வானியல் வரலாற்றில் இடம்பெற்றது.

எழுதிவைத்த சிறு குறிப்பும் எத்துணைப் பயன் தருமென்பதை 1883 ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டும். அவ்வாண்டு ஆகஸ்டு 26, 27 ஆம் நாட்களிற் கிரக்கதோவா எரிமலை வெடித்தது. செப்டெம்பர் 9 ஆம் நாள் முதல் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஞாயிறு பச்சை நிறமாக எழுந்தது, மேலேறுங்கால் நீலமாயிற்று, மாலையில் மீண்டும் பச்சையாகி மறைந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி சிமித் அதன் நிறமாலையை ஆராய்ந்தார். ஏனையோர் பலர் ஆராய்ச்சியாளரல்லர். நாளைக் குறித்து, கண்டதை எழுதி அனுப்பியவர் அவ்வளவே. இலண்டன் அரச கழகம் 1888 இல் வெளியிட்ட அறிக்கையில் உலகெங்குமிருந்து வந்த அத்தகைய குறிப்புகள் தொகுக்கப்பட்டன. அவற்றை நாள்முறைப்படி அடுக்கியபோது ஓர் அரிய உண்மை வெளிப்பட்டது. நிறம் மாறிய ஞாயிறு ஆகஸ்டு இறுதியில் இந்துமாகடலின் மேற்பகுதியிலும், செப்டெம்பர் முதல் நாட்களில் ஆபிரிக்காவின் மேற்குக்கரையிலும் திரினிடாட்டிலும், 5 ஆம் நாள் அவாய்த் தீவிலும், 9 ஆம் நாள் இலங்கையிலும் தோன்றியது. எரிமலைத்தூள் வானுயரக் காற்றினால் மேற்கு நோக்கிச் சென்று, இரு கிழமைக்குள் பூமியை ஒருமுறை சுற்றிவிட்டது என்பது புலனாயிற்று. மேல்வளியின் இப்பெரும் ஓட்டத்தை அறிவித்தவை விலையுயர்ந்த கருவிகள் அல்ல. நாள் தவறாது எழுதிய கடிதங்களே.

அச்செப்டெம்பர் விடியல்களில் தோட்டங்கள்தோறும் தப்பு முழங்கியது. மக்கள் பிரட்டுக்களத்திற் கூடினர். ஞாயிறெழும் வேளையில் வெளியில் நின்றவர்களுள் அவர்களே பெருந்தொகையினர். முகில் விலகிய இடங்களில் பச்சை ஞாயிற்றை அவர் காணாதிருத்தல் இயலாது. அவர் கண்டதை எவரும் வினவியதுமில்லை. அவர் எழுதக் கற்பிக்கப்பட்டதுமில்லை. கங்காணியின் கணக்கேடு அவர் பறித்த கொழுந்தின் நிறையை அறியும். அவர் கண்ட வானத்தை அறியாது.

பொழுதுபோக்காக வானத்தை நோக்குவோர் செய்யத்தக்கது யாதென்பதற்கு இலங்கையே ஓர் உயர்ந்த எடுத்துக்காட்டைத் தந்துள்ளது. மலைநாட்டுக்கு இருப்புப் பாதை அமைத்த முதன்மைப் பொறியியலாளர் கில்போர்டு மோல்சுவேத். கொழும்பிலிருந்து வந்த பாதை 1867 இல் கண்டியை அடைந்தது. 1885 இல் நானுஓயாவை எட்டியது. பாதை கண்டியை அடைந்த அவ்வாண்டில் கொழும்பிற் பிறந்த அவர் மைந்தர் பேர்சி மோல்சுவேத். படைப் பொறியியலாளராகிய இவர் திருகோணமலையிற் பணிபுரிந்தவாறே, தம் சொந்தத் தொலைகாட்டியால் இரவுதோறும் வியாழனை நோக்கினார். 1901 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அக்கோளின் தென்பகுதியில் ஒரு புதிய கருமையை முதன்முதற் கண்டு குறித்தார். ‘தென் வெப்பமண்டலக் கலக்கம்’ என அறிஞர் வழங்கும் அத்தோற்றம் ஏறத்தாழ நாற்பதாண்டு நிலைத்தது. 1908 இல் மோல்சுவேத் மறைந்தார். செவ்வாயிலுள்ள குழியொன்று அவர் பெயர் பெற்றது. ஊதியமின்றிச் செய்த பணிக்கு இதனினும் சிறந்த பரிசு வேறு யாது?

எத்துணை ஆயத்தஞ் செய்யினும் வானம் இசைந்தாலன்றிக் காட்சி இல்லை. புதுச்சேரிக்கு வந்த லெ ஜென்டீல் 1761 இல் கடலில் அகப்பட்டும், 1769 இல் முகிலால் மறைக்கப்பட்டும் சுக்கிரனின் கடப்பை முறையாகக் காணும் பேற்றை இருமுறையும் இழந்தார். 1955 ஜூன் 20 இல் நிகழ்ந்தது இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுச் சூரிய கிரகணம். அதன் உச்ச அளவு 7 நிமிடம் 8 விநாடி. நிழற்பாதை இலங்கையைக் காலைப்பொழுதிற் கடந்தமையால், பல நாட்டு அறிஞர் பொலனறுவை, ஹிங்குராங்கொடைப் பகுதிகளில் முகாமிட்டனர். கொடைக்கானல் வானாய்வகத்தாரும் வந்திருந்தனர். முகில் திரையிட்டது, பலர் வெறுங்கையராய் மீண்டனர். ஆயினும் ‘முகில் மறைத்தது’ என்று நேரங் குறித்து எழுதிய ஏடும் மெய்யான பதிவேயாம். காணாததைக் கண்டதாக எழுதாமை நோக்குவோர்க்குரிய முதல் அறம்.

இவ்வரலாற்றை ஒருங்கே நோக்கின், மலைநாட்டு மக்கள் இருவகையில் பதிவிழந்தோராய் இருந்தமை விளங்கும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாட்டின் ஏட்டினின்றும் நீக்கியது. குடியுரிமை மீண்டும் முழுதுறக் கிடைத்தற்குப் பல்லாண்டு சென்றன. நாட்டின் ஏட்டில் ஒருவர் பெயரை எழுதுவதும் நீக்குவதும் அரசின் கையில் உள்ளன. வானத்தின் ஏடோ அத்தகையதன்று. அதில் எழுத எவருடைய இசைவும் வேண்டா. ஒரு குறிப்பேடு, பிழையற்ற ஒரு கடிகாரம், பொய்யாத மனம் ஆகிய மூன்றும் உடையார் எவரும் எழுதலாம்.

எழுத வேண்டுவனவும் பல அல்ல. நின்ற இடம், நாள், மறைப்புத் தொடங்கிய, உச்சமுற்ற, முடிந்த நேரங்கள், முகிலின் நிலை, வெப்பநிலையின் மாற்றம், பறவையும் விலங்கும் நடந்துகொண்ட முறை, பஞ்சாங்கம் கூறிய நேரமும் கண்ட நேரமும் ஒத்தனவா என்பது ஆகியன போதும். ஞாயிற்றை வெறுங்கண்ணால் நோக்குதல் பார்வையைக் கெடுக்கும். புகைபடிந்த கண்ணாடியும், மஞ்சள்நீர்த் தட்டிற் காணும் எதிருருவும் காப்பாகா. அட்டையொன்றிற் சிறு துளையிட்டு, அதனூடு வரும் ஒளியை வெண்டாளில் வீழ்த்திக் காண்பதே எளிய நல்வழி. சந்திர கிரகணத்திற்கு இத்தடை ஒன்றுமில்லை.

2010 ஜனவரி 15 இலும் 2019 டிசெம்பர் 26 இலும் கங்கண சூரிய கிரகணங்கள் இலங்கையின் வடபகுதியைக் கடந்தன. அவ்விரு நாட்களிலும் மலைநாட்டில் ஞாயிறு குறைமறைப்புற்றது. 2025 செப்டெம்பர் 7 ஆம் நாளிரவு முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தது. அக்காட்சிகளைக் கண்ட முதியோர் தோட்டங்கள்தோறும் உளர். தோட்டப் பாடசாலை மாணாக்கர் அவரை அணுகி, கண்டதையும் செய்த வழக்கங்களையும் கேட்டெழுதுவாராயின், இழந்த ஏட்டின் சில பக்கங்களேனும் மீளும். இனி வருங் கிரகணத்தைத் தாமே நோக்கி எழுதுவாராயின் புதிய ஏடு தொடங்கும். யோகியர் நால்வரும் சுமைதூக்கியோர் பதினைவரும் பெயரின்றி ஏறிய மலை அது. அதன் அடிவாரத்தில் வாழும் பிள்ளைகள், தாம் கண்டதைத் தம் பெயரிட்டு எழுதும் நாளிலேயே மலைநாட்டு வானம் அம்மக்கட்கும் உரியதாகும்.